முக்காலியிலிருந்து இறக்கிவிடுங்கள்

(மிஷனெரி குடும்பங்களின் விடுமுறை முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான ஊழியக் குடும்பங்களே, இவர்களை ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்குகிற சபையாரே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

'பணித்தளத்தில் நம் பிள்ளைகளின் சாட்சி' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு முக்காலி நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மிஷனெரி ஞாயிறு. வெளிநாட்டில் ஊழியம் செய்கிற ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. எட்டு, ஒன்பது வயதில் ஒரு பையன். மைக் எட்டவில்லை என்று அவனை முக்காலியில் ஏற்றிவிட்டார்கள். அந்த நாட்டு மொழியில் யோவான் 3:16 சொன்னான். சபை கைதட்டியது. சரி, இதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தை நடத்தியவர் அன்போடுதான் கேட்டார்: "தம்பி, அங்கே எத்தனை பேருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லியிருக்கே?" பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார்கள். "பத்து" என்றான். மறுபடியும் கைதட்டல்.

மத்தியானம் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், பத்து போதுமா?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகளை அப்படி மேடையேற்றியவள். 'இன்னும் சத்தமாச் சொல்லு கண்ணு' என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தவள். அதனால் யாரையும் குறை சொல்ல இங்கே நிற்கவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அதைத்தான் உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

அழைப்பு வந்தது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். முழங்காலில் நின்று 'இதோ அடியேன், என்னை அனுப்பும்' என்று சொன்னது நீங்கள். பிள்ளை அதைச் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தது, அவ்வளவுதான். அங்கே அவர்கள் வாயிலிருந்து விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த வார்த்தை வருகிற வழி வேறு. மாதாந்திர அறிக்கையில் எழுதுகிற கணக்கில் அது வராது.

வேதத்தில் வருகிற சீரியப் படைத்தலைவன் நாகமான் வீட்டில் இருந்த சிறுபெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன பிள்ளை. அவளும் தானாகப் போனவள் இல்லை. வேதம் அவள் பேரைக்கூடச் சொல்லவில்லை. அவள் பேசியதாக எழுதியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: என் ஆண்டவன் சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும், அவர் குஷ்டரோகத்தை நீக்கிவிடுவார் என்று நாச்சியாரிடம் சொன்னாள். அந்த வீட்டில் தண்ணீர் எடுத்தாள், நாச்சியாரின் முகம் வாடுவதைப் பார்த்தாள், ஐயாவின் வியாதி அவளுக்கும் வருத்தமாக இருந்திருக்கும். அதனால் வந்த பேச்சு அது. தன்னைச் சிறைபிடித்த வீட்டின் மேல் அவளுக்கு அன்பு எப்படி வந்தது என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

இன்னொரு சிறுபெண். கிரேஸ் டெய்லர். சீனாவுக்குப் போன மிஷனெரி ஹட்சன் டெய்லரின் மூத்த மகள், 1859இல் சீனாவின் நிங்போவில் பிறந்தவள். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சில வருஷங்கள் இருந்துவிட்டு, 1866 மே மாதம் லாமர்மூர் என்ற கப்பலில் மறுபடி புறப்பட்டது. நான்கு பிள்ளைகள், நான்கு மாதப் பயணம். அடுத்த வருஷக் கோடையில் ஹாங்சோ நகரத்து வெயில் தாங்காமல் குடும்பம் மலைப்பக்கம் போனது. போகிற வழியில் ஒருவர் சிலை செய்துகொண்டிருந்ததை கிரேஸ் பார்த்தாள். அப்பாவிடம் சொன்னாள்: அவருக்கு இயேசுவைத் தெரியாதப்பா, தெரிந்தால் செய்ய மாட்டார், நீங்கள் சொல்ல மாட்டீர்களா? டெய்லர் போய்ப் பேசினார். பிறகு வழியில் ஓர் இடத்தில் உட்கார்ந்து, நீயே ஜெபம் பண்ணம்மா என்றார். அந்த மனிதருக்காக அவள் ஜெபித்தாள். அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை என்று தகப்பன் பிறகு எழுதினார். சில நாளில் அவளுக்கு மூளைக்காய்ச்சல். ஆகஸ்ட் 23ஆம் தேதி கண்மூடினாள். எட்டு வயது.

இந்தக் கதையைச் சொல்லும்போது சாவை மட்டும் சொல்லி அழ வைத்துவிடுகிறோம். எனக்கு அதற்கு முந்தின பகுதிதான் முக்கியம். அவளைப் பேசு என்று யாரும் தூண்டவில்லை. அவள் நேராகப் போய் அந்த மனிதரோடு வாதாடவும் இல்லை. தன் அப்பாவிடம்தான் சொன்னாள், அது ஒரு பிள்ளைக்கு உரிய வழி. அந்தத் தொழிலாளியைப் பற்றி அவள் வாயில் ஒரு இளக்காரம் கிடையாது, அவருக்காக வருத்தம்தான் இருந்தது. பக்கத்து வீட்டாரின் சாமியைக் கேலி பேசுகிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த வருத்தம் வராது. கேலிதான் வரும். அதையும் சாட்சி என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். கொல்லிமலைக்கு இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி பஸ்ஸில் போகிறோம். நூறு வருஷத்துக்கு முன் சேந்தமங்கலத்திலிருந்து நடந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் டோலி. மலையேறினால் காய்ச்சல் நிச்சயம் என்று கீழே இருந்தவர்கள் பயந்த இடம். அங்கே வாழவந்தியில் குடியிருந்தார்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி. மூத்தவன் பால், 1914இல் பிறந்தான். அடுத்தது கோனி. நமக்கு இது சொந்த ஊர், அந்தப் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு இது வெளிநாடு. பிள்ளைகளுக்கோ இதுதான் வீடு. தமிழ் பேசி, மரம் ஏறி, மலைப் பிள்ளைகளோடு சுற்றினார்கள். பால் மரத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவான். போட்டு முடித்ததைக் கீழே அம்மாவிடம் இறக்கிவிடுவான்.

அந்த வீட்டில் ஊழியம் பல வருஷம் பலன் இல்லாமல் கிடந்தது. உள்ளூர்ப் பூசாரி எதிர்த்தார். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் விட்டு ஓடினார்கள். துரையும் அம்மாவும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பூசாரியும் படுத்தார். அவர் வாசலுக்கு யாரும் வராத நேரத்தில் இவர்கள் போனார்கள். சாகும்போது தன் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதில் ஒன்று கைக்குழந்தை, ரூத் என்று பேர் வைத்தார்கள்.

இதைப் பெற்றோரின் தியாகமாகத்தான் எல்லாரும் சொல்லுகிறோம். அந்த வீட்டில் பாலும் கோனியும் இருந்தார்களே! நாலைந்து வயதுப் பையன், அவனுக்கு இளைய ஒரு பெண். ஒரு நாள் வீட்டுக்குள் புதுக் குழந்தை வருகிறது. அன்று முதல் அம்மாவின் மடியில் பங்கு, ராத்திரிக் கதையில் பங்கு. அந்த வயதில் ஒரு பிள்ளை கொடுக்கக்கூடிய ஆஸ்தி அம்மாவின் மடி ஒன்றுதான். அதைக் கொடுத்தார்கள். எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய சாட்சி என்று நான் இதைச் சொல்லுவேன், இதை எந்த அறிக்கையிலும் எண்ணிக்கையாக எழுத முடியாது.

அந்த ஊரிலிருந்து அவன் வாங்கிக்கொண்டதும் உண்டு. மலைச்சரிவில் படிப்படியான நெல்வயல். பிள்ளைகள் அதில் தவளை பிடித்து விளையாடி வரப்பை மிதித்துக் கலக்கினார்கள். ஒரு தாத்தா வந்தார். சேற்றை ஒரு கை அள்ளிக் காட்டினார். கீழே ஓடுகிற தண்ணீரையும் பார்க்கச் சொன்னார். கலங்கலாக இருந்தது. இந்த மண் போனால் திரும்ப வராது, இதில்தான் நம் சோறு இருக்கிறது என்று புரிய வைத்தார். பால் பிராண்ட் வயதான பிறகும் அந்தத் தாத்தாவின் கை நிறைய மண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அம்மா, ஐயா, உங்கள் பிள்ளை அந்த நாட்டுக்குக் கொடுக்கப் போயிருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும் உங்கள் பிள்ளையை வளர்க்கிறார்கள். அவர்களிடம் வாங்கத் தெரிந்த பிள்ளை பேசினால் அவர்கள் காது கொடுப்பார்கள்.

ஒரு நாள் குஷ்டரோகிகள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஜெஸ்ஸி கையுறை மாட்டி, காலைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். அம்மா கொடுத்த கூடையை அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். அதைத் தொடாதே என்று பாலுக்கு உத்தரவு. அந்தக் காலத்துப் பயம் அப்படி. அந்தப் பையன்தான் 1946இல் டாக்டராக வேலூருக்குத் திரும்பி வந்து, அதே வியாதியில் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார்.

ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவனையும் தங்கையையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். அப்பாவை அவன் மறுபடி பார்க்கவில்லை. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் வந்தது. அதற்குப் பிறகும் அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதை நெருங்கிய பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரும் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனெரி பிள்ளைதான். பஞ்சத்தில் சாகிற குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். இந்த ஊழியமே எனக்கு வேண்டாம் என்று திடமாகச் சொன்னவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மடிந்ததை அறிந்த பிறகுதான் மனம் மாறியது. அதுவரைக்கும் அவர் சொன்ன 'வேண்டாம்' என்பதைக் கர்த்தர் பொறுத்துக்கொண்டார். உங்கள் மகள் அப்படிச் சொன்னால் நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் அழைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள்.

அப்புறம், சிலர் வெளிப்படையாகப் பேச முடியாத நாடுகளில் இருக்கிறீர்கள். பள்ளியில் 'உங்க அப்பா என்ன வேலை பாக்கிறார்?' என்று கேட்டால் பிள்ளை திணறுகிறது. இதைப் பிள்ளையின் தலையில் விடாதீர்கள். உண்மையாகவும் சுருக்கமாகவும் ஒரு பதிலை வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து யோசியுங்கள்: அப்பா டீச்சர், நாங்கள் கிறிஸ்தவர்கள். இது போதும். பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தால், பிறகு அதே பிள்ளைக்குச் சத்தியத்தைப் பற்றி என்ன சொல்லுவோம்? ஒரு வார்த்தை தவறிவிட்டால் அப்பாவை அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தையும் பிள்ளையின் முதுகில் ஏற்றக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் ஜெபத்துக்கோ விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கோ கூப்பிட்டால் அதன் அம்மா அப்பாவுக்குத் தெரியட்டும். நம் பிள்ளையை நமக்குத் தெரியாமல் ஒருவர் வேறு வழிபாட்டுக்கு அழைத்துப்போனால் நமக்கு எப்படி இருக்கும்? நட்பைத் தூண்டில் ஆக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், நம் பிள்ளைக்கும், அவர்கள் பிள்ளைக்கும்.

கிரேஸின் தம்பி ஹெர்பர்ட், லாமர்மூர் கப்பலில் ஐந்து வயதுப் பையனாக வந்தவர். அவரும் சீனாவிலேயே ஊழியம் செய்து கிழவரானார். அவருடைய பேத்தி மேரி, மிஷனெரி பிள்ளைகளுக்காக 1881இல் தொடங்கிய சீஃபூ பள்ளியில் படித்தாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை அந்தப் பள்ளியைப் பிடித்துக்கொண்டது. பெற்றோர் சீனாவின் வேறு மூலையில். ஐந்து வருஷத்துக்கும் மேல் பிள்ளைகள் அவர்களைப் பார்க்கவில்லை. 1942இன் கடைசியில் பள்ளியை விட்டு வெளியேற்றி நடத்திக் கொண்டுபோனபோது, அந்தப் பிள்ளைகள் சங்கீதம் 46ஐப் பாடிக்கொண்டே போனார்கள். தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும். அடுத்த வருஷம் வெய்ஷியன் என்ற ஊரில் இருந்த முகாமில் அடைத்தார்கள். 1945 ஆகஸ்ட் 17இல் விமானத்திலிருந்து ஏழு பேர் குதித்து வந்து விடுவித்தார்கள். அப்போது மேரிக்குப் பன்னிரண்டு வயது.

அந்தப் பாட்டை அவர்கள் யாருக்கும் சாட்சியாகப் பாடவில்லை. பயமாக இருந்தது, அம்மா இல்லை, அதனால் பாடினார்கள். இதைத்தான் நான் அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 'தம்பி, பத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இயேசு முதலில் உனக்கு. ராத்திரி பயமாக இருக்கும்போது அவரிடம் நீ பேசு. அப்படிப் பேசுகிறதை உன் சிநேகிதன் பார்த்து என்ன என்று கேட்டால், உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. கேட்காவிட்டால் பந்து விளையாடு.' அன்றைக்கு எனக்கு இது வாயில் வரவில்லை. 'போதும்ப்பா, சாப்பிடு' என்றுதான் சொன்னேன்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பரில் இந்தக் குடும்பங்கள் தங்கள் ஊழியத்தைப் பற்றிச் சபைகளில் சொல்ல உங்கள் ஊருக்கு டெபுடேஷன் வருவார்கள். பிள்ளைகளை முக்காலியில் ஏற்றாதீர்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அங்கே உனக்கு யார் சிநேகிதன், அவன் பேர் என்ன, என்ன விளையாடுவீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சிநேகிதன் பேரையும் ஜெபக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் திக்கினால் சிரிக்காதீர்கள், பாட்டியோடு பேச அவர்களுக்கு அந்தத் தமிழ்தான் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் நம் பிள்ளைகளோடு வெளியே விளையாட விடுங்கள், பந்தி கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.