காணாமல் போன சாளையை எங்கே தேடுவது?

அவையோருக்கு வணக்கம்.

கோவையைச் சுற்றிச் சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளிப் பக்கம் இன்று மனைமனையாக நிற்கும் பூமியில் பெரும்பகுதி ஒரு காலத்தில் தோட்டமும் காடும்தான். தோட்டம் என்றால் அதில் ஒரு கிணறும், சாளை என்று நாம் சொல்லும் தோட்டத்து வீடு ஒன்றும் இருக்கும். இடிந்துபோன சாளையின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் முதலில் பட்டா, சிட்டாவைத்தான் எடுக்கிறார்கள். அதில் வீடு கிடைக்காது. வருவாய்க் கணக்குக்கு அது வெறும் புஞ்சை; விஸ்தீரணமும் தீர்வையும் தெரிந்தால் போதும்.

வீடு இருப்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தில். அண்ணன் தம்பி பிரியும்போதுதான் ஆசாரம், அதாவது வீட்டுக் கூடம், யாருக்கு, தாழ்வாரம் யாருக்கு, களம் பொதுவா, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வண்டித்தடம் எந்தப் பக்கம் என்று எல்லாம் எழுத்தில் ஏறுகிறது. நாளைக்குச் சண்டை வரக்கூடாதென்று நான்கு எல்லையோடு எழுதிய சொத்து விவரத்தை வைத்து வீட்டின் தரைப்படத்தையே வரைந்துவிடலாம். வீடு பிரிந்த கதைதான் வீட்டின் கதையைக் காப்பாற்றியிருக்கிறது!

அந்தப் பத்திரத்தை எட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். நிலத்தின் இன்றைய சர்வே உட்பிரிவு எண் 212/3ஏ1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் போட்டு வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், எடுத்தால் மனை விற்ற கிரயங்கள்தான் வரும். 212/3ஏ, 212/3, 212 என்று பின்னோக்கிப் போக வேண்டும். இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் பார்க்கலாம்; அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். அங்கே பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என இரண்டு உண்டு. எண்ணில் சிக்காதது பெயரில் சிக்கும். ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்ததா என்பதையும் கேளுங்கள். பங்கு பிரித்ததைக் குடும்பத்துக்குள்ளேயே எழுதிக்கொண்ட, பதிவாகாத கூர்ச்சீட்டாக இருந்தால் எந்த அட்டவணையிலும் வராது. குடும்பப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

பயிர் விவரத்துக்குக் கிராமக் கணக்கான அடங்கலைப் பாருங்கள். அதில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை.

ஓட்டைப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சில மங்களூர் ஓடுகளில் 1865 என்று அச்சு இருக்கும். அது பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டல்ல. தவிர, கூரை மாற்றும்போது ஓடு இடம் மாறும்.

சாளை நின்ற இடம் தெரிய வேண்டுமானால் கிணற்றைப் பிடியுங்கள். நில அளவைத் துறையின் புலப்படத்தில் கிணறு குறித்திருக்கும். அதையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மாறாத எல்லைக்கல் இரண்டைப் பொருத்தி மேலே வையுங்கள். கிணறு எந்த மனையில் விழுகிறது என்று தெரிந்துவிடும். வரலாற்றுக்காக மட்டுமல்ல, அந்த மனையை வாங்குகிறவருக்கும் இது தெரிய வேண்டும். மண்ணைக் கொட்டி, கெட்டிக்காமல் மூடிய கிணறு வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே கட்டிய சுவர் விரியும்.

இன்னும் நிற்கிற சாளை என்றால், ஓட்டைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், சுவர்க்கனம், மூலைவிட்டம் ஆகிய நான்கையும் அளந்துவிடுங்கள். பழைய மண்சுவர் அறைகள் சரியான செவ்வகமாக இருப்பது அபூர்வம். மூலைவிட்டம் இல்லாத அளவை வைத்து வரைந்தால் படம் மூடாது.