மொரீசியஸில் செம்பருத்தி: குச்சி நடுவது, மொட்டு உதிர்வது, மலையடி வீடுகளில் கவனிக்க வேண்டியது

[காட்சி: பூவுக்கு மிக நெருக்கமாக]

வணக்கம். பூவின் நடுவில் நீண்டு நிற்கும் இந்தக் குழாயை முதலில் பாருங்கள். மஞ்சள் பொட்டுகள் எல்லாம் மகரந்தப் பைகள். நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள் இருக்கின்றன, அவை சூல்முடிகள். இந்த மஞ்சள் தூளைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் என்று பெயர் வைத்தார். காட்டில் தானாக வளர்ந்த செடியை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. ஆசியத் தோட்டங்களிலிருந்து மனிதர் கைவழியே பரவிய செடி இது. நம் வீடுகளில் இதன் பூ அம்மனுக்கு, இலை தலைக்கு. இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பு அழுக்கையும் எண்ணெயையும் நன்றாக எடுக்கும். கடையில் செம்பருத்தித் தேநீர் என்று விற்பது பெரும்பாலும் வேறு இனம். அது சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டம்.

[காட்சி: கத்தரிக்கோல், குச்சிகள்]

குச்சி நட நமக்கு ஏற்ற காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. குளிர் விட்டிருக்கும், சூறாவளி மழை தொடங்கியிருக்காது. பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பச்சைக் குச்சி அழுகிவிடும், நன்றாக முற்றியது வேர்விடத் தாமதிக்கும். 15 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. நுனியில் இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேர் இல்லாத குச்சியால் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

பாறைமணலைத் தூசி போகும்வரை கழுவி, சம அளவு தேங்காய் நார்த்தூளோடு கலந்து, இரண்டு கணு மறையும்படி செருகுங்கள். நிழலில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். துளிர் வந்ததும் இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். குச்சியில் சேமித்திருந்த சத்தில் வரும் துளிர்தான் அது, வேர் அதற்குப் பிறகுகூட வரலாம். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிந்த பிறகு மாற்றி நடுங்கள்.

[காட்சி: மஞ்சள் இலை, பச்சை நரம்பு]

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் வரும் தொல்லை இது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பவள மணலில் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உரம் கூட்டிக் கொட்டினால் தீராது. சுண்ணாம்பு மண்ணிலும் வேலை செய்யும் இரும்புச் செலேட், அதாவது வேர் எடுக்கக்கூடிய வடிவில் இரும்பு உள்ள உரம், கேட்டு வாங்குங்கள், அல்லது பெரிய தொட்டியில் மலைமண்ணும் மட்கிய உரமும் போட்டு வளருங்கள். பூக்கும் செடி என்று எலும்புத்தூளை அள்ளிப் போடுவது இங்கே தவறு. பாஸ்பரஸ் மிகுந்தால் இரும்பு இன்னும் முடங்கும். செம்பருத்தி அதிகம் கேட்பது பொட்டாசியம்தான்.

மொட்டு விரியாமல் உதிர்ந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒருநாள் காய்ந்து மறுநாள் குளமானால் மொட்டைத்தான் செடி முதலில் விடும். தண்ணீர் சரியாக இருந்தும் உதிர்கிறதா? மொட்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே இலைப்பேன் ஓடும். நுனி சுருண்டு வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி; அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புநீர் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். எறும்பு ஏறுவதையும் தடுக்க வேண்டும்; மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான்.

பூ வருவது புதுக்கிளையில். அதனால் ஆகஸ்ட் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். உயரம் குறைந்த செடி சூறாவளிக் காற்றிலும் தாக்குப்பிடிக்கும்.

[காட்சி: கோர் தெ கார்ட் மலை, அடிவாரத்தில் முருகன் கோவில்]

காவடிக்குப் போகும்போது நாம் அண்ணாந்து பார்க்கும் இந்த மலையிலும், லெ மோர்ன் மலையிலும் மட்டுமே ஹைபிஸ்கஸ் ஃப்ராஜிலிஸ் என்ற காட்டுச் செம்பருத்தி இனம் இயற்கையாக வளர்கிறது. ஊரில் மாந்திரினெத் என்பார்கள். அதுவும் சிவப்புப் பூதான். உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. எஞ்சியவையும் மிகச் சில. காட்டை மூடும் அந்நியச் செடிகள் ஒரு ஆபத்து. நம் வாசல் செம்பருத்தி இன்னொன்று, ஏனென்றால் அதன் மகரந்தம் காட்டுப் பூவில் சேர்ந்தால் கலப்பு விதை உண்டாகும், அசல் இனம் கரையும்.

அதனால் இந்த இரு மலைகளை ஒட்டி வீடு இருப்பவர்கள் ஒற்றைச் செம்பருத்தி வேலியைத் தவிர்ப்பது நல்லது. வேண்டுமென்றால் முழு அடுக்குச் செம்பருத்தி வையுங்கள்; அதில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிடுவதால் தூள் குறைவு. ஏற்கெனவே ஒற்றை இருந்தால் முதிர்ந்த மொட்டை மாலையிலேயே பறித்து வையுங்கள், காலையில் பூசைத் தட்டில் விரியும். கவாத்து செய்த கிளையை மலைப்பக்கம் கொட்டாதீர்கள். ஈரம் பட்டால் அங்கேயே வேர்விடும். பொடியாக நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடுங்கள்.