தலைவர்களைப் பழக்குவது எப்படி?

நண்பர்களே, இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனநாயகத்தையும் மனித உரிமையையும் நாம் பெரும்பாலும் பாடமாகத்தான் நடத்துகிறோம், பழக்கமாக்குவதில்லை. ஒரு சிறப்புரை, ஒரு குழு விவாதம், கடைசியில் சான்றிதழ். நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குப் பரிசு. முகாம் முடியும்போது மைக் பிடிக்கத் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். ஒரு வாக்கெடுப்பில் தோற்றுவிட்டு, மறுநாள் அதே குழுவோடு முகம் சுளிக்காமல் வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்களா? என் கவலை அதுதான்.

ரோசா பார்க்ஸ் பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்து இருக்கையை ஒரு வெள்ளையருக்கு விட்டுத்தர மறுத்துக் கைதானவர். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண், ஏதோ ஒரு வேகத்தில் எழ மறுத்தார் என்றுதான் பல மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் மான்ட்கோமரி கிளைக்கு 1943-லேயே செயலாளராகத் தேர்வானவர் அவர். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அந்த 1955 கோடையில், டென்னசி மாநிலத்தில் ஹைலேண்டர் என்ற பயிற்சிப் பள்ளியின் பயிலரங்குக்குப் போய்வந்தவர். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த அந்தத் தென்மாநிலத்தில், ஹைலேண்டரில் மட்டும் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சமத்துவத்தைப் பற்றி அங்கே யாரும் தனியாக வகுப்பெடுக்க வேண்டிய தேவையே இல்லை. சாப்பாட்டு மேசையே வகுப்புதான்.

அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர் செப்டிமா கிளார்க். என்.ஏ.ஏ.சி.பி.யை விட்டு விலக மாட்டேன் என்று சொன்னதற்காக, 1956-ல் தெற்குக் கரோலினாவில் ஆசிரியர் வேலையை இழந்தவர். அந்த மாநிலத்தில் அப்போது வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கே போகவிடாமல் வைத்திருந்த மக்களிடம்தான் இதைக் கேட்டார்கள். கிளார்க்கும், அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிவந்த ஏசா ஜென்கின்ஸும் சேர்ந்து, ஹைலேண்டரின் துணையோடு, 1957 ஜனவரியில் அந்தத் தீவின் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் பெரியவர்களுக்கான இரவு வகுப்பைத் தொடங்கினார்கள்.

ஆசிரியராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுநிலையக்காரரை. பாடம் நடத்திய அனுபவமே அவருக்கு இல்லை. மக்களிடம் அதட்டாமல் பேசுவார், மக்களும் அவரை நம்புவார்கள் என்பதுதான் தகுதி. அவர் வகுப்புக்கு வந்தவர்களிடம், உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், தபாலில் சாமான் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். சரி, அதுவே பாடத்திட்டம். அப்புறம் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் எல்லோரும் வாசித்துவிட வேண்டும் என்றார். 1948-ல் பாரிசில் நிறைவேறிய 30 பிரிவுகள், வாக்குரிமை மறுக்கப்பட்ட ஒரு தீவின் கடைச் சுவரில்! மனித உரிமைக் கல்வி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவர்தான்.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். விண்ணப்பத்தில் அழகாக எழுதியவரை எடுக்கிறோம். ஊரில் நாலு பேர் பிரச்சினை என்றால் யாரிடம் போய்ச் சொல்கிறார்களோ, அவருக்கு விண்ணப்பம் எழுதவே தெரியாமல் இருக்கலாம். அவரைத் தேடிப் போக வேண்டியது நம் வேலை.

பழக்கம் என்று சொன்னேனே, அதற்கு அதே டென்னசியின் நாஷ்வில் நகரம் ஓர் உதாரணம். சில ஆண்டுகள் நாகபுரியில் தங்கிக் காந்தியின் வழிமுறையைப் படித்துத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், மாணவர்களுக்கு அங்கே பயிலரங்குகள் நடத்தினார். ஒத்திகையாக, மாணவர்களில் பாதிப் பேர் வசைபாடித் தள்ளிவிடுவார்கள், மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு இடம் மாறுவார்கள். அங்கே பயின்ற டயான் நாஷ், 1960 ஏப்ரல் 19 அன்று நகரசபைப் படிகளில் மேயரை நேருக்கு நேர் பார்த்து, நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது சரியா என்று கேட்டார். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். மூன்று வாரங்களில், அதுவரை கறுப்பருக்குப் பரிமாறாத அந்த நகரக் கடைகள் சிலவற்றின் உணவு மேசைகள் எல்லோருக்கும் திறந்தன. அப்போது நாஷுக்கு வயது 21.

மனித உரிமைப் பக்கத்தில் நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. பயிற்சிக்கு வந்தவர்களிடம், நீங்கள்தான் அரசாங்கம், நாட்டில் நெருக்கடி, எந்தெந்த உரிமைகளை நிறுத்திவைப்பீர்கள் என்று கேளுங்கள். பட்டியல் வேகமாக நீளும், பாருங்கள். நல்ல மனம் படைத்த பிள்ளைகள்கூட, ஒரு குண்டுவெடிப்பு என்று சொன்னதும் சித்திரவதையை அனுமதித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு 1966-ன் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையைத் திறந்து 4-ஆம் பிரிவை வாசிக்கச் சொல்லுங்கள். நெருக்கடியில் சில உரிமைகளை மட்டுப்படுத்தலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள தடை, மனச்சாட்சிச் சுதந்திரம் போன்றவற்றில் எந்த நெருக்கடியிலும் கை வைக்க முடியாது. செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தண்டிக்கவும் முடியாது. தன் பட்டியலையும் இந்தப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, அதிகாரம் தன் கைக்கு வந்தால் தானே என்ன செய்யக்கூடும் என்பது தெரிந்துவிடும். தலைவராகப் போகிறவர் வேறு எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பரில் நிறைவேற்றிய மனித உரிமைக் கல்விப் பிரகடனமும், உரிமைகளைக் கற்பிக்கிற முறையே கற்பவரின் உரிமையை மதிப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் முகாமின் வரவு செலவு யார் கையில் இருக்கிறது? கூட்டக் குறிப்பை யார் எழுதுகிறார்கள், அதில் தவறு என்றால் யார் திருத்தலாம்? விதியைப் பற்றிப் புகார் சொல்ல நினைக்கிற பெண் யாரிடம் போவாள்? இதற்கெல்லாம் பதில் இல்லாத முகாமில் எவ்வளவு நல்ல உரை நிகழ்த்தினாலும், பிள்ளைகள் கற்றுக்கொண்டு போவது நிர்வாகிக்குப் பணிந்து நடப்பதைத்தான்.

1961-ல் டென்னசி மாநிலம் ஹைலேண்டரின் உரிமத்தைப் பறித்து, சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. இரவு வகுப்புகள் நிற்கவில்லை. அதே ஆண்டு அவற்றை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுக்கொண்டது, செப்டிமா கிளார்க்கும் அங்கே போய் ஆசிரியர்களைத் தயார்செய்தார். தென்மாநிலங்கள் முழுக்க அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமின் கடைசி இரண்டு நாட்களைப் பயிற்சிக்கு வந்தவர்களிடமே ஒப்படையுங்கள். நிகழ்ச்சி நிரல், பணம், யாரைப் பேச அழைப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. உங்கள் உரையை நீக்கிவிட வேண்டும் என்று அவர்கள் வாக்களித்தால், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.