தாத்தாவின் ஊருக்கு விருந்தாளியாகப் போங்கள்

(மலேசியாவின் கெடா மாநிலம் பீடோங்கில், தமிழ்நாட்டுப் பயணம் புறப்படும் குடும்பங்களுக்காகக் கோவில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது.)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த விடுமுறையில் நம் வட்டாரத்திலிருந்து சில குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கிளம்புகின்றன. அவர்களில் பலருக்கு இதுதான் முதல் கடப்பிதழ், முதல் விமானம். அங்கே என்னென்ன அதிர்ச்சி காத்திருக்கும், எதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். ஜப்பானுக்கோ லண்டனுக்கோ போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே எல்லாமே வேறு மாதிரி இருக்கும் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்கு மட்டும் நாம் அப்படிப் போவதில்லை. நம்ம ஊருதானே, நம்ம பாஷைதானே, நம்ம சாமிதானே என்று கிளம்புகிறோம். அதனால்தான் அங்கே சின்ன விஷயம்கூட நெஞ்சில் தைக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்போடு, விருந்தாளியாகப் போங்கள். இன்றைக்கு நான் கேட்டுக்கொள்ள வந்தது இவ்வளவுதான்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நம் வீட்டு பிளக் அங்கே நுழையாது, அவர்களுடையது உருண்டைக் கால். விசா இல்லாமல் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். தேத்தண்ணீர்க் கடையில்கூட போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். அது அவர்கள் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, ஆகவே நீங்கள் கையில் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு போய் வந்த மாமா கொடுத்தார் என்று பெட்டிக்குள் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு வைத்திருந்தால் எடுத்துப் போகாதீர்கள். 2016 நவம்பர் 8 இரவோடு அவை செல்லாமல் போய்விட்டன.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் முறை போய் இறங்கியபோது என்னை உலுக்கியது தமிழ்தான். நாம் தமிழை வீட்டிலும் கோவிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் பேசி வளர்ந்தவர்கள். அரசாங்க அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பப் போனால் நாக்கு தானாக மலாய்க்கு மாறிவிடும். அங்கே பேருந்துப் பலகை தமிழில் இருக்கிறது, வங்கிப் பணப்பொறி தமிழில் கேட்கிறது, ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று தமிழில் அறிவிக்கிறார்கள். வழிமறித்து நின்ற ஒரு வண்டிக்காரரைப் போலீஸ்காரர் தமிழில் அதட்டினார். நான் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதிகாரம் தமிழ் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்த ஒரு மாநிலத்தில் 7 கோடிக்கு மேல் மக்கள். இங்கே இந்திய வம்சாவளியினர் எல்லாரையும் கூட்டினாலும் சுமார் 20 லட்சம். அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

ஆனால் அதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. இங்கே முன்பின் தெரியாத ஊரில் ஒரு தமிழரைப் பார்த்தால் நாம் சிரிக்கிறோம், எந்த ரப்பர்த் தோட்டம் என்று கேட்கிறோம், ஐந்து நிமிடத்தில் ஓர் உறவு பிடித்துவிடுகிறோம். அங்கே எல்லாரும் தமிழர். அதனால் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். தமிழன் என்பதற்காக ஆட்டோ கட்டணம் குறையாது, கோவில் வரிசையில் இடம் விடமாட்டார்கள். அவர்களுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு தேவைப்படுகிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நம் வறுத்த மீ, அதாவது மீ கோரெங் நூடுல்ஸ், கிடைக்காது. மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் அதை இந்தியச் சாப்பாடு என்றே நினைத்திருக்கிறார்கள். அது இந்த மண்ணில் பிறந்தது. நம் ரொட்டி சானாய்க்கு அங்கே பரோட்டா இருக்கிறது, சால்னா ஊற்றித் தருவார்கள், நன்றாக இருக்கும். தேத்தண்ணீர் நம் கிளாஸில் பாதிகூட இருக்காது. இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவிலில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் தோட்டத்துக் கோவிலில் முனியாண்டி சாமியும் நாமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம். பூசாரிக்கு நம் பிள்ளைகளின் பெயர் தெரியும். அங்கே பெரிய கோவில்களில் கட்டண தரிசனம், இலவச தரிசனம் என்று வரிசை பிரிந்து நிற்கும். திருச்செந்தூர் போன்ற கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். தள்ளுமுள்ளு இருக்கும். வயதானவர்களை நடுவில் விட்டு நீங்கள் இரு பக்கமும் நில்லுங்கள்.

அடுத்தது பெரிய விஷயம். அங்கே பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா, பிள்ளை ஏன் இன்னும் இல்லை என்றெல்லாம் கேட்பார்கள். அது அவர்கள் பழகும் விதம், கோபப்பட வேண்டாம். சில இடங்களில் இன்னொரு கேள்வியும் வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” சாதியைத்தான் கேட்கிறார்கள். நம் இளைஞர்கள் பலர் இந்தக் கேள்வியை அங்கேதான் முதன்முதலாக நேரில் சந்திக்கிறார்கள். நம் தோட்டங்களில் சாதி இருந்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் இருந்தது, கல்யாணப் பேச்சில் இன்றும் தலை நீட்டுகிறது. ஆனாலும் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் ஒரே பிரட்டுக்கு நின்று, ஒரே நிரையில் பால்மரம் வெட்டி, ஒரே ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை விட்டுப் போன வாழ்க்கை அதைக் கொஞ்சம் தேய்த்திருக்கிறது. தம்பிகளே, அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களில் பலருக்கு அது உண்மையும்கூட. தெரிந்துகொண்டு திரும்பி வரவும் வேண்டாம்.

நம் கெடாக்காரர்கள் தஞ்சாவூர் போகாமல் வராதீர்கள். பெரிய கோவில் 1010ஆம் ஆண்டு முடிந்தது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025இல் கடல் தாண்டிப் படை அனுப்பினான். அவன் வென்ற இடங்களின் பட்டியலைக் கோவில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், கடாரத்தின் பெயர் அதில் இருக்கிறது. நம் கெடா அது. தினமும் நாம் பார்க்கிற ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கே பழைய கோவில்களின் அடித்தளங்கள் இன்றும் கிடக்கின்றன. அந்தச் சுவரின் முன்னால் நின்று, நான் கடாரத்திலிருந்து வருகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அப்படி ஓர் ஊர் இப்பவும் இருக்கா என்று அவர் கேட்டார். பத்துமலை முருகன் சிலையும் இரட்டைக் கோபுரமும் அவருக்குத் தெரியும். செம்பனைக் காட்டுக்குள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது என்றதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாம் அவர்களை நினைக்கும் அளவுக்கு அவர்கள் நம்மை நினைக்கவில்லை. இது சிலருக்கு வலிக்கும். எனக்கும் வலித்தது.

அப்புறம், தாத்தாவின் ஊர். உங்களில் பலர் முக்கியமாக அதற்காகத்தான் போகிறீர்கள், ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன்.

என் தாத்தாவின் ஊர் ராசிபுரம் பக்கம். தேடிப்பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். திண்ணையில் உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், பிறகு யாரும் பேசவில்லை. பங்காளி முறையில் பெரியப்பா ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்து, “காடு ஏதும் கேட்டு வந்தீங்களா?” என்றார். அந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று வீடே பயந்திருந்தது. கட்டி அணைத்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் போனவனுக்கு அது பெரிய அடி. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். மூன்று தலைமுறையாக உழுத நிலம். அதே ரத்தத்தில் ஓர் ஆள் வெளிநாட்டிலிருந்து வந்து வாசலில் நிற்கிறான்.

எனக்கு ஒன்றும் வேண்டாம், பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். அதன் பிறகுதான் உள்ளே இருந்து அத்தை முறையான பாட்டியம்மா வந்தார். “போனவரு போனவருதான் கண்ணு, ஒரு கடுதாசி இல்லை” என்றார். மலாயாவில் காசு புரள்கிறது, அண்ணன் நம்மை மறந்துவிட்டான் என்று தாத்தாவின் தம்பி சாகும்வரை மனத்தாங்கலோடு இருந்தாராம். தாத்தாவை அநாதையாக விட்டுவிட்டார்கள் என்பது நம் வீட்டுக் கதை. அநாதையாக விட்டவரே அவர்தான் என்பது அந்த வீட்டுக் கதை.

அவர்களுக்கு நான் சொன்னேன். நாகப்பட்டினத்தில் தாத்தா ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் ஏறி வந்ததை, கப்பலில் வந்தவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் தங்க வைத்ததை, நெல் வயல் பார்த்த கண்ணுக்கு விடியாத இருட்டில் ரப்பர்க் காட்டைக் காட்டியதைச் சொன்னேன். 1941 முடியும்போது ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, தபால் நின்றது. தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில், ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள், பலர் திரும்பவில்லை. என் தாத்தா திரும்பினார், ஆனால் அதன் பிறகு அதிகம் பேசாத மனிதராகிவிட்டார். அந்த வீட்டில் யாருக்கும் இதில் ஒரு வரிகூடத் தெரியாது. பெரியப்பா ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே எழுந்து குலதெய்வக் கோவிலுக்குக் கூட்டிப்போனார்.

ஆகவே உங்கள் தாத்தா பாட்டி என்ன பட்டார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கோடாலித் தைலமும் மைலோவும் கொண்டு போவது நல்லதுதான், கொண்டு போங்கள். கதையும் கொண்டு போங்கள். அங்கே அதற்காகக் காத்திருந்து செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் கேட்டீர்கள். பழைய பத்திரங்களில் உள்ள ஜில்லாப் பெயரை அப்படியே நம்பிப் போகாதீர்கள். சேலம் ஜில்லா என்று எழுதியிருந்தால் ஊர் இப்போது சேலத்தில் இருக்கலாம். 1965இல் பிரிந்த தருமபுரியிலோ, 1997இல் பிரிந்த நாமக்கல்லிலோ, தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரியிலோகூட இருக்கலாம். வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஜில்லாவைவிடத் தாலுகா பெயரும் குலதெய்வத்தின் பெயரும் அதிகம் உதவும். தாத்தாவின் பெயர் மட்டும் போதாது, அவருடைய அப்பா பெயரும் வேண்டும். வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, கடிதஉறை எது இருந்தாலும் தேடி எடுங்கள். இப்போதே கையில் வைத்திருப்பவர்கள் மேடைக்கு வலப்பக்கம் வாருங்கள், மேசை போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.