எந்த டேப் டிரைவ் வாங்குவது? கொள்ளளவைக் கடைசியில் பாருங்கள்

வணக்கம். இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு வருகிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நாடா சுற்றி வைத்திருக்கிறார்கள். இது எல்டிஓ-9 கேட்ரிட்ஜ், அதாவது பேக்கப் எடுக்கப் பயன்படும் எல்டிஓ வகைக் காந்த நாடாவின் ஒன்பதாம் தலைமுறை. 18 டெராபைட் பிடிக்கும். பெட்டியின் மேல் 45 டெராபைட் என்றும் போட்டிருக்கும். அந்த 45-ஐ மறந்துவிடுங்கள். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வீடியோ, படங்கள், ஏற்கெனவே சுருக்கிய பேக்கப் கோப்பு, குறியாக்கம் செய்த தரவு எதுவுமே அப்படிச் சுருங்காது. 18 என்றே கணக்குப் போடுங்கள்.

டேப் இன்னும் தேவையா என்ற விவாதத்துக்குள் இன்று போகவில்லை. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் கொஞ்சம் பேருடைய அஞ்சல்கள் மறைந்துபோயின. பிரதிகள் பல இடங்களில் இருந்தும் அந்தப் பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. கடைசியில் கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. எந்தக் கணினியோடும் இணைக்காமல் அலமாரியில் கிடக்கும் பிரதியைப் பிழையும் தொடாது, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் தொடாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சரி, தேர்வுக்கு வருவோம். டேப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஒரு கேட்ரிட்ஜில் எவ்வளவு பிடிக்கும் என்றுதான். நான் அதைக் கடைசியாகக் கேட்கச் சொல்வேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2000-இல் வந்த எல்டிஓ-1 ஒரு கேட்ரிட்ஜில் 100 ஜிகாபைட் எழுதும், வேகம் வினாடிக்கு 20 மெகாபைட். முழுவதும் நிரம்ப ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. 2021-இல் வந்த எல்டிஓ-9 வினாடிக்கு 400 மெகாபைட் எழுதும், ஆனால் 18 டெராபைட் நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். 2025-இல் வந்த எல்டிஓ-10 கேட்ரிட்ஜ் 30 டெராபைட் பிடிக்கும். வேகம் அதே 400-தான். நிரம்ப ஏறக்குறைய 21 மணி நேரம்! கொள்ளளவு 300 மடங்கு பெருகிய காலத்தில் வேகம் 20 மடங்குதான் கூடியிருக்கிறது. எழுதுவதற்கு ஆகும் நேரம்தான் திரும்பப் படிப்பதற்கும். சர்வர் விழுந்து, எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் நாளில் அந்த 21 மணி நேரம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முதல் கேள்வி, எத்தனை மணி நேரத்துக்குள் மீட்டாக வேண்டும் என்பது. அதற்குப் பதில் தெரிந்தால் எத்தனை டிரைவ் வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சிக்கலும் உண்டு. டிரைவின் வேகத்துக்கு உங்களால் தரவைக் கொடுக்க முடியுமா? நாடா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் அடிமட்ட வேகம் இருக்கிறது. தரவு அதைவிட மெதுவாக வந்தால் நாடா நின்றுவிடும். பின்னால் சுற்றி, விட்ட இடத்தைப் பிடித்து, மறுபடி ஓடும். உடனே மறுபடி நிற்கும். முன்னும் பின்னும் துணி போட்டு ஷூவைத் தேய்ப்பது போல இருப்பதால் இதை ஷூ ஷைனிங் என்பார்கள். பேக்கப் மெதுவாவதோடு நாடாவும், அதைப் படித்து எழுதும் டிரைவின் தலைப்பகுதியும் தேயும். 1 ஜிகாபிட் நெட்வொர்க் வழியாக வினாடிக்கு 120 மெகாபைட் வருவதே பெரிது. அதை வைத்துக்கொண்டு 400 மெகாபைட் டிரைவ் வாங்கினால், காசு கொடுத்துத் தேய்மானத்தை வாங்குகிறோம். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் மோசம், 10 ஜிகாபிட் இருந்தாலும் சர்வரால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. நான் எப்போதும் முதலில் டிஸ்க்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒரே ஓட்டமாக டேப்புக்கு எழுதச் சொல்வேன். அந்த டிஸ்க்குக்கான செலவையும் டேப் டிரைவின் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

அப்புறம், எனக்கே நேர்ந்த ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பல வருடத் தரவு எல்டிஓ-6 டேப்பில் இருந்தது. புதிதாக எல்டிஓ-8 டிரைவ் வாங்கினோம், பழைய டிரைவ்களைக் கழித்துவிட்டோம். எல்டிஓ-7 வரைக்கும் இரண்டு தலைமுறை பழைய டேப்பைப் படிக்கலாம் என்ற விதி இருந்தது. அது தொடரும் என்று நம்பினோம். எல்டிஓ-8-இல் அந்த விதி மாறிவிட்டது, எல்டிஓ-7 வரைதான் படிக்கும். சில மாதம் கழித்துத் தணிக்கைக்காகப் பழைய கணக்கு தேவைப்பட்டது. டேப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, படிக்கத்தான் டிரைவ் இல்லை. பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

எல்டிஓ-9 ஒரு தலைமுறை பின்னால், அதாவது எல்டிஓ-8 வரை படிக்கும், எழுதும். எல்டிஓ-10 எந்தப் பழைய தலைமுறையையும் தொடாது. எல்டிஓ-10 வாங்குகிறவர்கள் பழைய டிரைவில் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் புது டேப்புக்கு மாற்றத் திட்டம் போட வேண்டும். டேப் 30 வருடம் இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அத்தனை வருடமும் டிரைவ் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எல்டிஓ இல்லாத வேறு வழி என்ன? ஐபிஎம்-இன் 3592 வரிசை இருக்கிறது. 2023-இல் வந்த டிஎஸ்1170 ஒரே கேட்ரிட்ஜில் 50 டெராபைட் எழுதும். அருமையான கருவி, ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மிகப் பெரிய தரவு மையங்களுக்குப் பொருந்தும். ஒரு காலத்தில் எல்டிஓ-வோடு மோதிய சூப்பர் டிஎல்டி இன்று சந்தையில் இல்லை. சோனியின் ஏஐடி போய்விட்டது. ஆரக்கிளின் டி10000 வரிசையும் டி10000டி-யோடு முடிந்துவிட்டது. பலர் சேர்ந்து நடத்தும் எல்டிஓ மட்டும் நிற்கிறது. மற்றவர்களுக்கு நான் எல்டிஓ-வைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு சின்ன விஷயங்கள். எல்டிஓ-9-இல் அரை உயர டிரைவின் வேகம் 300 மெகாபைட்தான், 400 என்பது முழு உயர டிரைவுக்கு. இன்னொன்று, புது எல்டிஓ-9 டேப்பை முதல் தடவை போடும்போது டிரைவ் அதை அளந்து பார்க்கும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். டிரைவ் கெட்டுப்போயிற்று என்று நினைத்து நடுவில் நிறுத்தாதீர்கள். பேக்கப் நேரத்தில் புது டேப் போடாமல், வாங்கியதும் எல்லாவற்றையும் ஒரு சுற்று போட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்று வாரத்துக்கு 30, 40 டெராபைட் எழுதும் ஓர் அலுவலகம் என்னிடம் கேட்டால், ஒரு எல்டிஓ-10-க்குப் பதில் முழு உயர எல்டிஓ-9 இரண்டு வாங்கச் சொல்வேன். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 800 மெகாபைட், ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது படிக்கும். கையில் இருக்கும் எல்டிஓ-8 டேப்பும் வீணாகாது. ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன்னால், இந்த வாரம் உங்கள் முழு பேக்கப் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வினாடிக்கு உண்மையில் எத்தனை மெகாபைட் வருகிறது என்று எழுதி வையுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த வீடியோவில் டிஸ்க்கை எவ்வளவு வைக்க வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.