ஆடத் தெரிந்தவனுக்குக் கூடம் எங்கே?

(மீன்பிடித் தடைக்கால இளைஞர் விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகு மீனவர் சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, எனக்குக் கபடியும் சொல்லிக்கொடுத்துக் காதையும் திருகிய ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, கீழே மணலில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாமார்களே, அக்கா தங்கைகளே, பின்னால் வல்லத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். பந்தலும் ராத்திரிச் சாப்பாடும் விசைப்படகு உரிமையாளர் அண்ணன் செலவு. அவரைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அந்த வரிசையில் சேர்க்கவில்லை, அண்ணன் தப்பாக நினைக்கக் கூடாது. ஜமாத் தலைவர் ஐயா உடம்பு சரியில்லாமல் இருந்தும் வந்திருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டு. சரி.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இளைஞர்களும் பொழுதுபோக்கும்’. பொழுதுபோக்கு என்றால் எனக்கு இரண்டுதான் தெரியும்: டிவியில் வரும் ரெஸ்லிங், காதில் விழும் ராக் இசை. இரண்டையும் சின்ன வயசிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே மூன்று விஷயம் பேசுவேன். ஒன்று, ரெஸ்லிங் பொய்யா? இரண்டு, ராக் வெறும் சத்தமா? மூன்று, இதில் பெண்பிள்ளைகளுக்கு என்ன இடம்?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று எங்கம்மா எதற்கெடுத்தாலும் சொல்லும். மீன் விலை போகாவிட்டாலும் சொல்லும், நான் பரீட்சையில் கோட்டை விட்டாலும் சொல்லும். இன்றைக்கு நானும் அதை நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். ‘அதெல்லாம் செட்டப்புடா’ என்று சொல்லாத பெரியவர் இந்தக் கரையில் இல்லை. ஆமாம், செட்டப்தான். யார் ஜெயிப்பான் என்பது முன்கூட்டியே முடிவானது. இதை நான் சொல்லவில்லை, ரெஸ்லிங் நடத்துகிற டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனிக்காரர்களே 1989இல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தாரிடம் ‘இது போட்டி இல்லை, கேளிக்கை’ என்று ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டணமும் கட்டுப்பாடும் இல்லாமல் போகும் என்ற கணக்குதான். ஆனால் திருவிழா நாடகத்தில் கடைசியில் முருகன்தான் வள்ளியைக் கட்டப்போகிறான் என்று தெரிந்தும் விடிய விடியப் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறோமா இல்லையா? முடிவு செட்டப்பாக இருக்கலாம், விழுகிற உடம்பு செட்டப் இல்லை. 1998 ஜூனில் மிக் ஃபோலி என்ற வீரரை அண்டர்டேக்கர் என்ற இன்னொரு வீரர், வளையத்தை மூடிய கூண்டின் உச்சியிலிருந்து தள்ளினாரே, பதினாறு அடி. கீழே மேசை நொறுங்கியது. அந்த வலியை எந்தக் கதாசிரியர் எழுதிக்கொடுப்பார்?

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தெருவில் கலர் டிவி இருந்த வீடு ஒன்றுதான், அந்த வீட்டுத் திண்ணை முழுக்கக் கூட்டம். பையன்கள் கையில் டபிள்யூ டபிள்யூ எஃப் டிரம்ப் கார்டு, ஹைட்டு வெயிட்டு பைசெப்ஸ் என்று அதை வைத்தே சண்டை. அன்றைக்கு அண்டர்டேக்கருக்கும் கேனுக்கும் மோதல். கதைப்படி கேன் அவருக்குத் தம்பி, தீ விபத்தில் வெந்துபோய் முகமூடியோடு திரும்பி வந்தவன். இரண்டு பேரும் வளையத்துக்குள் வந்து முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கரண்ட் போய்விட்டது. திண்ணையில் ஒரே ஒப்பாரி. அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது, கேபிள் அண்ணனின் டிஷ் ஐஸ் பிளான்ட் மொட்டை மாடியில்தானே இருக்கிறது, அங்கே ஜெனரேட்டர் ஓடுமே என்று. டிவியை அப்படியே தூக்கி மீன் ஏற்றுகிற டிரை சைக்கிளில் வைத்து, போர்வை சுற்றி, முன்னால் இழுக்க ஒருவன், பின்னால் தள்ளப் பத்துப் பேர், வீட்டுக்காரம்மா ‘பிக்சர் டியூபு, பிக்சர் டியூபு’ என்று கத்திக்கொண்டே கூட ஓடி வருகிறது. ஐஸ் பிளான்டில் மீன் பெட்டி மேல் டிவியை வைத்து வயர் மாட்டினால் சோப்பு விளம்பரம் வருகிறது. சண்டை முடிந்துவிட்டது! ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. காலடியில் ஐஸ் தண்ணி ஓடுகிறது, ஒரே மீன் கவிச்சி.

அப்போது சங்கு குளிக்கிற தாத்தா ஒருத்தர், அவரும் எங்களோடு டிவி தள்ளி வந்தவர்தான், பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ‘எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போடுறீக, என்ன நடந்துச்சுன்னு நாஞ் சொல்றேன்’ என்று ஆரம்பித்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். தம்பி கையைப் பிடித்தால் அண்ணன் உருவிக்கொண்டு போகிறான், அண்ணன் காலை வாரினால் தம்பி துள்ளி எழுகிறான். ஒவ்வொரு பிடியையும் தாத்தா பக்கத்திலிருந்த கேபிள் அண்ணன் மேலேயே போட்டுக் காட்டுகிறார், அவர் ‘விடுங்க பெரியப்பா, விடுங்க பெரியப்பா’ என்று கெஞ்சுகிறார். கடைசியில் அவர்களுடைய அப்பன்காரன் ஆவி வந்து பஞ்சாயத்துப் பண்ணுகிறது: மூத்தவன் நீ நிறைய ஜெயிச்சுட்ட, வெந்து கெடந்த புள்ளைக்கு ஒண்ணு விட்டுக்கொடு. அண்டர்டேக்கர் தொப்பியைக் கழற்றித் தம்பி தலையில் வைத்துவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறார். ஐஸ் பிளான்டில் கைதட்டல் அடங்கவே இல்லை. மீன் பெட்டி சுமக்கிற அக்கா ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மறு ஒளிபரப்பு. அண்டர்டேக்கர்தான் ஜெயித்தார், தம்பியைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்கினார். எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் டிவிக்காரன்தான் மாற்றிப் போட்டுவிட்டான் என்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டதற்கு, ‘அவுகளுக்குக் கதை கட்டத் தெரியல’ என்றார்.

அவருக்கு ஆடத் தெரிந்திருந்தது. கூடம் ஐஸ் பிளான்ட்.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ டபிள்யூ எஃப் ஏன் 2002இல் டபிள்யூ டபிள்யூ ஈ ஆனது தெரியுமா? பாண்டா கரடி படம் போட்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் அதே எழுத்துகளுக்காக வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டது. அத்தனை மலை மாதிரி ஆள்களையும் மடக்கிப் போட்டது ஒரு வக்கீல் நோட்டீஸ். தேசியப் பூங்கா என்று சொல்லி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கால் வைக்கப் பயப்படுகிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, 2014இல், வருஷா வருஷம் நடக்கிற பெரிய ரெஸ்லிங் திருவிழாவான ரெஸில்மேனியாவில், அண்டர்டேக்கரின் வெற்றி வரிசையை ப்ராக் லெஸ்னர் என்ற வீரர் உடைத்தார். 21 வெற்றி, அதற்கப்புறம் ஒரு தோல்வி. நான் இன்னும் மன்னிக்கவில்லை. பங்குத்தந்தை சிரிக்கிறார், மன்னிப்பு அவர் இலாகா.

இரண்டாவது, ராக். இதுவும் ரெஸ்லிங்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹல்க் ஹோகன் வளையத்துக்கு வருவதற்கு முன்னால் பேண்டில் பேஸ் கிடார் வாசித்தவர். 1986 ரெஸில்மேனியாவில் பிரிட்டிஷ் புல்டாக்ஸ் ஜோடிக்குத் துணையாக நடந்து வந்தவர் பிளாக் சபாத் என்ற ராக் பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன். அடுத்த வருஷம் பாம்போடு வளையத்துக்கு வரும் வீரர் ஜேக் ராபர்ட்ஸோடு ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் வந்தார். டிரிபிள் ஹெச் என்ற வீரர் நடந்து வரும்போது உறுமுகிற குரல் மோட்டார்ஹெட் பேண்டின் பாடகர் லெமியுடையது. 2025 ஜூலை 22 ஆஸி போனார், 24 ஹோகன் போனார். டீக்கடையில் சொன்னேன், ‘யாருக்குச் சொந்தம்’ என்று கேட்டார்கள். எனக்குத்தான்.

ஹோகனைப் பற்றி என் அபிப்பிராயம் பாதிப் பேருக்குப் பிடிக்காது. அவருக்குத் தெரிந்த பிடிகள் கொஞ்சம்தான். ஆனால் காதில் கை வைத்துக் கூட்டத்தைக் கேட்பாரே, அது போதும் அவருக்கு.

நான் சொல்ல வந்தது பிளாக் சபாத் கிடார்காரர் டோனி ஐயோமியைப் பற்றி. பர்மிங்ஹாமில் தகரப் பட்டறையில் வேலை பார்த்த பையன். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், இயந்திரத்தில் வலது கை மாட்டி நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், கிடார் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். இனிமேல் முடியாது என்றார்கள். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டினார். மெல்லிய கம்பி போட்டார், பிற்பாடு கம்பியைத் தளர்த்தி சுருதியைக் கீழே இறக்கினார். ஹெவி மெட்டல் என்கிற ராக் வகையின் அந்தக் கனத்த ஓசைக்கு அதுவும் ஒரு காரணம். படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு சுற்றி விரலை விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். அவர் விரலே கோணலாகியும் ஆடினார்.

ஆனால் ஐயோமிக்கும் தோழர்களுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க ஓர் இடம் கிடைத்தது. நம் பையன்களுக்கு?

நம் ஊரில் நான்கு பையன்கள் சேர்ந்து பேண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கிடார், ஒரு பழைய கீபோர்டு, டிரம்முக்கு டீசல் கேன். வீட்டில் வாசித்தால் பாட்டிக்குப் படபடப்பு, கரையில் வாசித்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. ரெஸ்லிங் பைத்தியங்கள் படகுத்துறை சிமென்ட் தரையில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுகிறார்கள், போன மாதம் ஒருவனுக்குக் காறை எலும்பு போனது. மெத்தை விரிப்பு இல்லாமல் யாரும் யாரையும் தூக்கக் கூடாது, ஆசிரியர் ஐயாவும் இதையேதான் சொல்வார். விரிப்பு வாங்கலாம், சங்கம் பணம் தரும், அதை விரிக்கத்தான் கூரை வேண்டும்.

கூரை இருக்கிறது ஐயா. ஊர்க் கோடியில், தூண் மேல் கட்டிய புயல் பாதுகாப்பு மையம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதை தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வருகிறது என்றபோது திறந்தார்கள், நாமெல்லாம் போய்ப் படுத்தோம், நல்ல கூடம், ஒரு சுவர் கோணல் இல்லை. அதற்கப்புறம் பூட்டு. பூட்டு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் பால் பாக்கெட் கவரைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார்கள், அவ்வளவு அக்கறை. சாய்தளத்தில் ஆடு படுத்திருக்கிறது. சாவி டவுனில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. போய்க் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அவர்கள் திரும்ப முதல் அலுவலகத்துக்கே அனுப்புகிறார்கள்.

புயல் வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள், பெரிய படகெல்லாம் கரையில், பையன்கள் தெருவில். அந்த 61 நாளும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். சாவி ஊர்த் தலைவர் ஐயாவிடம் இருக்கட்டும், பெருக்குவது எங்கள் பொறுப்பு, கண்ணாடி உடைந்தால் என் பணம். வானிலை அறிவிப்பு வந்த அன்றைக்கே காலி செய்கிறோம்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள். 1984இல் வெண்டி ரிக்டர் என்ற பெண் பட்டம் ஜெயித்தபோது அவர் பக்கம் நின்று கத்தியவர் சிண்டி லாப்பர் என்ற பாடகி, எம்டிவி என்ற பாட்டு சேனலில் நேரலை, அமெரிக்காவில் ரெஸ்லிங் வீட்டுக்கு வீடு போனதற்கு அந்த இரண்டு பெண்களும்... சீட்டு வந்துவிட்டது, ‘சாப்பாடு ஆறுகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். அதை அடுத்த வருஷம் பேசுகிறேன். கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் என்று மனுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

மனு பந்தல் வாசலில் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான். கலெக்டர் ஐயாவிடம் வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம், வேன் காலை ஏழு மணிக்குக் கிளம்பும், வர முடிந்தவர்கள் பேர் கொடுங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.