‘உன் இஷ்டத்துக்கு வரை’ என்றால் மலைதான் வரும்

(ஓவிய ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் குழந்தைகளின் கற்பனையைப் பற்றி மிக அழகாகப் பேசினார்கள். நான் கொஞ்சம் கீழே இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற டிராயிங் பீரியடைப் பற்றிப் பேசுகிறேன். பாதிப் பேரிடம் கிரையான் இருக்காது. கணக்கு வாத்தியார் வந்து, “போர்ஷன் முடியல சார், இந்தப் பீரியடைக் கொடுத்துடுங்க” என்பார். அப்படியே பீரியட் நம் கையில் நின்றாலும் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, போர்டில் ஒரு பூச்சாடியை வரைந்து “இதைப் பார்த்து வரைங்க” என்கிறோம். இல்லையென்றால், “இன்னைக்கு உங்க இஷ்டத்துக்கு வரைங்க” என்கிறோம்.

இஷ்டத்துக்கு வரையச் சொன்னால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்கா. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடே இல்லாத ராமநாதபுரத்துப் பிள்ளையும் இரண்டு மலைதான் வரைகிறது. சுதந்திரம் கொடுத்த இடத்தில் எல்லாப் படமும் ஒரே படமாக வந்து நிற்கிறது. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து பெஞ்சிலிருந்தும் அக்காவின் நோட்டிலிருந்தும் அது கற்றுக்கொண்ட படம் இது. அமெரிக்காவில் பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இரண்டு பேர், பிள்ளைகள் படம் வரையக் கற்பதே பெரும்பாலும் பிறர் வரைந்த படங்களிலிருந்துதான் என்று 1977-ல் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு உண்டு. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் புள்ளிக் கோலம் கற்றது எப்படி? பாட்டி போட்டதைப் பார்த்துத்தான். பார்த்து வரைவது பாவமில்லை. அதோடு வகுப்பு முடிந்துபோவதுதான் குறை.

அப்படி முடிந்துபோவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு எழும்பூரில் இருக்கிற கவின்கலைக் கல்லூரியின் வேர் அதுதான். கைத்தொழிலுக்கு ஆள் தயாரிப்பதே அன்றைய நோக்கம். கோடு நேராக இருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். தொழிலுக்கு அது சரி. நம்மில் பலர் எழுதிய லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைகளிலும் அந்தக் கண்தான் இருக்கிறது. நாம் மார்க் வாங்கிய விதத்திலேயே பிள்ளைக்கும் மார்க் போடுகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கம் போனவர் வியன்னாவின் ஃபிரான்ஸ் சிசெக். 1897-லேயே குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கலை வகுப்பு நடத்தினார். குழந்தை வரைவது பெரியவர் படத்தின் அரைகுறை வடிவமல்ல, அது தனிக் கலை என்றார். பெரிய மனிதர்தான். ஆனால் அவர் வகுப்புப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். அத்தனையிலும் ஒரே சாயல்! தலையிடாமல் இருப்பதாகச் சொல்லும் வாத்தியாரின் ரசனையையும் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

அதே வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் விக்டர் லோவன்ஃபெல்ட். 1938-ல் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனதும் நாட்டை விட்டு வெளியேறி, பிறகு அமெரிக்காவில் கலை ஆசிரியர்களை உருவாக்கினார். கண்ணால் பார்த்தறியாத பிள்ளை, தன் உடம்பு உணர்ந்ததை வைத்து உருவம் செய்கிறது என்பதை அவர் பக்கத்திலிருந்து கவனித்தவர். அதனால் வகுப்பில் ‘மரம் வரை’ என்று நிறுத்தமாட்டார். மரத்திலிருந்து நீ பழம் பறிக்கிறாய், கை எட்டவில்லை, எக்குகிறாய் என்று பிள்ளையின் உடம்புக்கே அந்த நினைவை வரவழைப்பார். அப்போது படத்தில் கை நீளும். நாம் உடனே, “கை இவ்வளவு நீளமா இருக்குமாடா?” என்று கேட்போம். எட்டாத பழத்துக்காக நீண்ட கை அது. அதை அழித்துத் திருத்தினால் படத்தில் மிஞ்சுவது வெறும் மரம்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ‘ரேஷன் கடை’ என்று மட்டும் தலைப்புக் கொடுத்தால் ஒரு கட்டடமும் போர்டும் வரும். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கேளுங்கள். வரிசையில் உனக்கு முன்னால் யார் நின்றார்கள்? ஆள் நிற்காமல் பையை மட்டும் வைத்துவிட்டுப் போனது யார்? வெயில் எந்தப் பக்கம் அடித்தது? மண்ணெண்ணெய் கேனை எந்தக் கையில் பிடித்திருந்தாய்? நாலாவது கேள்விக்குள் வகுப்பு சத்தமாகிவிடும். சத்தமாகட்டும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அதற்குப் பிறகு வரும் படங்களில் மலை இருக்காது.

சின்னப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் பார்ப்பீர்கள். தேர் இழுக்கிற படத்தில் வடத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் நிற்பார்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் தலைகீழாகப் படுத்திருப்பார்கள். பஸ்ஸை வரைந்தால் தகரத்தைத் தாண்டி உள்ளே இருப்பவர்களின் கால் வரை தெரியும். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் அது. ஏழெட்டு வயதில் இது சகஜம், தானாக மாறும்.

கவலைப்பட வேண்டிய வயது அதற்குப் பிறகு வருகிறது, ஒன்பது பத்தில். அப்போதுதான் பிள்ளை தன் படத்தைப் பக்கத்துப் பையன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, “சார், எனக்கு வரைய வராது” என்கிறது. இந்த இடத்தில் ‘கற்பனை பண்ணு’ என்று சொல்வதால் பயனில்லை. அதற்கு வேண்டியது வழிமுறை. தூரத்தில் இருப்பது ஏன் சின்னதாகத் தெரிகிறது, நிழல் எங்கே விழும், நீலத்தில் மஞ்சளை எவ்வளவு விட்டால் என்ன பச்சை வரும் என்று சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்தால் சுதந்திரம் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனிக் காகிதத்தில் வரைந்து காட்டிவிட்டு, அந்தக் காகிதத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில், “என்ன சார், நாய்க்குப் பச்சைக் கலர் அடிச்சிருக்கான்?” என்று கேட்பார்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பையன் பக்கத்தில்தானே நிற்கிறான், அவனையே கேட்கச் சொல்லுங்கள். அவனிடம் பச்சை கிரையான் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கலாம். அதுவும் நியாயமான காரணம்தான்.

கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். டீ குடித்துவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு சாணித்தாளும் ஒரே ஒரு கரித்துண்டும் தருவேன். தலைப்பு: கூட்டமான டவுன் பஸ், ஒரு கையில் பை, டிக்கெட்டுக்குச் சில்லறை இடுப்புப் பக்கமோ சட்டைப்பையிலோ இருக்கிறது, டிரைவர் பிரேக் போடுகிறார். ரப்பர் கொண்டுவர வேண்டாம்.